தோரியம் பங்கு என்று யாராவது வந்தால்

அணுமின் துறையில் தனியாருக்கு வழிவிடும் சாந்தி சட்டம் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதிலிருந்து காரைக்குடியில் என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளே மாறிவிட்டன. முன்பெல்லாம் வருமான வரிக் கணக்கு, பொது வீட்டின் பங்கு, வைப்புத் தொகையில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குவது, இவ்வளவுதான். இப்போது, நாளைய அணு எரிபொருள் என்று பேசப்படும் தோரியத்தை வைத்து, "தோரியம் கம்பெனிப் பங்கு வருதாமே, வாங்கலாமா?" வாங்குவதற்கு முன் கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாங்கிவிட்டு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடையில் பெரும்பகுதியை ஒரு செயலி வழியாக "அணுமின் பங்குகளில்" போட்டிருக்கிறார். செயலியில் பணம் மூன்று மடங்காகத் தெரிகிறது. எடுக்கப் போனால், முதலில் 18 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். அவர் என்னிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, பதினெட்டு சதவீதம் சரியான கணக்குதானா?" பணம் போய்விட்டது என்று சந்தேகப்பட்டு அவர் வரவில்லை. மிச்சமிருக்கிற சேமிப்பையும் வரியாகக் கட்டத் தயாராகத்தான் வந்தார். "ஆச்சி, இனி ஒரு ரூபாய் அனுப்பாதீங்க" என்று சொல்லி, அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போட்டோம்.

இவரைப் போல இன்னும் பலர். படிக்காதவர்கள் இல்லை. ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்திய அணுமின் கழகம் முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தமானது. கல்பாக்கத்தில் வேக ஈனுலையை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) கட்டிய பாவினி நிறுவனமும் அரசுடையது. இரண்டும் பங்குச் சந்தையில் இல்லை. "சந்தைக்கு வரும் முன்பே குறைந்த விலைக்குத் தருகிறோம்" என்று இவற்றின் பங்கை யாராவது உங்களிடம் நீட்டினால், அவரிடம் இல்லாத ஒன்றை விற்கிறார். பட்டியலிடப்படாத பொது நிறுவனமாகவே இருந்தாலும், 2018 அக்டோபருக்குப் பிறகு அதன் பங்கைக் காகிதமாகக் கைமாற்ற முடியாது. பங்கை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு வழியாகத்தான் நடக்க வேண்டும். சான்றிதழை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார்கள் என்று காட்டுகிறார்கள். அது வெறும் படம்.

சரி, மோசடி இல்லாத உண்மையான பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. எத்தனை முறை விளக்கினாலும் மறுநாள் அதே முகத்தோடு திரும்பி வருகிறது. "சட்டம் வந்தாச்சு, இனி ஆறே மாதத்தில் ஏறிடும்." இல்லை. அணுமின் நிலையம் ஆறு மாதச் சமாசாரமே இல்லை.

கூடங்குளத்தையே பாருங்கள். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988இல். கட்டுமானம் தொடங்கியது 2002இல். முதல் உலை வணிகரீதியாக ஓட ஆரம்பித்தது 2014இன் கடைசி நாளில். இரண்டாவது உலை 2017இல் வந்தது. அந்த ஆண்டே கட்டத் தொடங்கிய மூன்றும் நான்கும் இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கின்றன. கல்பாக்கத்து வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது, 2010இல் ஓடும் என்றார்கள். உலைக்குள் கோர் எனப்படும் மையப் பகுதியை ஏற்றும் பணியைப் பிரதமர் வந்து பார்த்தது 2024 மார்ச்சில்.

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாவது உலையை 2005இல் கட்டத் தொடங்கினார்கள், 2009இல் முடியும் என்றார்கள், 2023இல்தான் முழுமையாக ஓடியது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் நிலையத்தில் இரண்டு புதிய உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு ஏறக்குறைய 1,400 கோடி டாலர். முடிந்தபோது 3,000 கோடியைத் தாண்டிவிட்டது. இடையில், 2017இல், அந்த உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. நூற்றாண்டுப் பெயர் கொண்ட நிறுவனம் அது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை வட்டிக் கணக்கு தெரிந்த ஊருக்கு நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. அணுமின் நிலையத்தில் எரிபொருள் செலவு குறைவு, கட்டுகிற செலவுதான் மலை. கட்டி முடிக்கிறவரை ஒரு யூனிட் மின்சாரம் விற்க முடியாது, வட்டி மட்டும் ஏறும். 1,000 கோடியை 9 சதவீதக் கூட்டு வட்டிக்கு முதல் நாளே வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டில் வேலை முடிந்தால் கடன் ஏறக்குறைய 1,677 கோடி. பத்து ஆண்டு இழுத்தால் 2,367 கோடி. சிமெண்ட், கம்பி எதுவும் ஒரு பைசா கூடாமலே, நான்கு ஆண்டுத் தாமதத்துக்கு மட்டும் 690 கோடி. அணுமின் திட்டத்துக்குப் பணம் போடுகிற எவரும் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். பங்கு விற்க வருகிறவன் இதைச் சொல்ல மாட்டான்.

தோரியத்துக்கு வருவோம். கேரளக் கடற்கரையிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் மோனசைட் மணல் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் தோரியத்தை அப்படியே உலையில் போட்டு மின்சாரம் எடுத்துவிட முடியாது. அது நியூட்ரானை வாங்கிக்கொண்டு யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அதற்காகத்தான் ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டம் வகுத்தார். தோரியம் மூன்றாவது கட்டத்தில் வருகிறது. நாம் இப்போது நிற்பது இரண்டாவது கட்டமான வேக ஈனுலையின் வாசலில். யுரேனியம்-233இல் இயங்கும் காமினி என்ற உலை 1996 முதல் கல்பாக்கத்தில் இருக்கிறது. அதன் திறன் 30 கிலோவாட், அதுவும் ஆராய்ச்சிக்கானது. மணலை அள்ளி விற்கும் தொழில் என்றாலும், கடற்கரை மணல் கனிமங்கள் 2019 முதல் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். அப்படியிருக்க, "தோரியத்தில் மாதம் பத்து சதவீதம் லாபம்" எங்கிருந்து வரும்?

இதே ஆட்களின் பழைய வேடம் நமக்குத் தெரியும். கோயில் கலசத்தில் இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது, பழைய செம்புப் பாத்திரம் அரிசியை இழுக்கும், அணு விஞ்ஞானி வந்து சோதித்துக் கோடிக் கணக்கில் வாங்கிக்கொள்வார், அவர் வந்துபோக நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்பார்கள். பெட்டகசாலை நிறையப் பழைய பாத்திரம் இருக்கும் வீடுகள் நம்முடையவை, அதனால் இங்கே குறிவைத்து வந்தார்கள். பழைய பாத்திரத்தை முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விலைக்குத்தான் விற்க முடியும். இப்போது கலசத்தின் இடத்தில் செயலி வந்திருக்கிறது.

நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை. அதற்கு எதிர்காலம் இருக்கிறது என்றே நம்புகிறேன். இன்று நம் அணுமின் திறன் சுமார் 8,800 மெகாவாட், நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 சதவீதம். 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்பது 2025 பட்ஜெட்டில் அறிவித்த இலக்கு. சிறிய உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ஒதுக்கி, 2033க்குள் குறைந்தது ஐந்தை ஓட்டுவோம் என்றும் சொன்னார்கள். நிலக்கரியை விட வேண்டுமானால், ராத்திரியிலும் காற்று இல்லாத நாளிலும் ஓடும் மின்சாரம் வேண்டும். துபாயில் நடந்த 2023 பருவநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 2050க்குள் அணுமின் திறனை மூன்று மடங்காக்குவதாக உறுதி சொன்னதும் அதனால்தான். ஆனால் அதே ஆண்டில் ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை மூடியது. அமெரிக்காவில் நுஸ்கேல் நிறுவனத்தின் முதல் சிறு உலைத் திட்டம் செலவு ஏறியதால் கைவிடப்பட்டது. வளர்ச்சி வரலாம், ஆனால் அது ஓய்வூதியக்காரரின் காலத்துக்குள் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆசை இருந்தால் நேர்வழி இருக்கிறது. அணு உலைக்குக் கருவி செய்யும் எல் அண்ட் டி, பெல், அணுமின் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கும் என்.டி.பி.சி. எல்லாம் சந்தையில் இருப்பவைதான். வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அவற்றின் வியாபாரத்தில் அணுமின் ஒரு பகுதி மட்டுமே, அதைத் தெரிந்துகொண்டு, பத்து ஆண்டுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். மருத்துவச் செலவுக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள்.

ஆலோசனை சொல்பவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்தவரா என்று செபி இணையதளத்திலேயே பாருங்கள். அவர் அனுப்பும் சான்றிதழைப் பார்க்காதீர்கள். தனி ஆளின் கணக்குக்கோ, தினம் மாறும் கணக்குகளுக்கோ பணம் அனுப்பாதீர்கள். பதிவுபெற்ற தரகரின் யு.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்ற சொல் இருக்கும். செபி 2025 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாடு அது. செயலி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். டீமேட் பங்குகளைக் காக்கும் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கையில் இல்லாத பங்கு உங்களிடம் இல்லை. எந்த வருமான வரியும் உங்கள் பணத்தை எடுப்பதற்கு முன் செயலிக்காரனிடம் கட்டப்படுவதில்லை. இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பணம் போய்விட்டால் உடனே 1930. காலையில் பார்க்கலாம், மகன் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணும்போது சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கி முடக்கி வைக்க முடியும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைப்பதால்தான் இரண்டாவது தவணையும் மூன்றாவது தவணையும் போகிறது. ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடமோ, வங்கி மேலாளரிடமோ, கணக்குத் தெரிந்த பேரனிடமோ, அனுப்புவதற்கு முன் அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு வாருங்கள். என்னிடம் கொண்டுவந்தால் அதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.