ரோகிணியை அளந்த நிழல்

குன்னூரிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ரோகிணி நட்சத்திரம் சூரியனைவிட 44 மடங்கு அகலம் என்கிறார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளியாகத்தானே தெரியும்? பிறகு யார் போய் டேப் பிடித்து அளந்தது?”

டேப் பிடிக்கவில்லை. நிலாவை வைத்து அளந்தார்கள்.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். தை பிறக்கும் சமயம் நீலகிரியில் உறைபனி விழும், வானம் துடைத்துவிட்டிருக்கும். இரவு ஒன்பது மணி வாக்கில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுக் கிழக்கே, ஏறக்குறைய உச்சிக்கு நேராக ஆரஞ்சு நிறத்தில் ஒன்று நிற்கும். அதுதான் ரோகிணி. மேல்நாட்டுப் பெயர் அல்டெபரான். தூரம் 65 ஒளியாண்டு. எடை சூரியனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மையத்தில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோய், சுற்றியுள்ள அடுக்கில் எரிகிறது. அதனால் வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, மேற்பரப்பு 3,900 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. சூரியனுக்கு அது சுமார் 5,800. ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

இனி அளவு. நம் கண்ணுக்கு நிலா எவ்வளவு அகலமோ, அதில் ஏறத்தாழ தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்குதான் ரோகிணியின் அகலம். பூமியின் காற்று எந்த நட்சத்திரத்தையும் அதைப்போல் ஐம்பது மடங்கு வாக்கில் பரப்பிக் காட்டிவிடும். நேராகப் பார்த்து அளக்கும் வழி சாதாரணத் தொலைநோக்கிக்கு இல்லை.

ஆனால் நிலா, வான்வழியே போகையில் சில ஆண்டுகளில் மாதந்தோறும் ரோகிணியை மறைத்துக்கொண்டு போகும். நிலாவில் சொல்லிக்கொள்ளும்படி காற்று கிடையாது. ஆகவே இருண்ட விளிம்பைத் தொட்டதும் நட்சத்திரங்கள் படக்கென்று அணையும். ரோகிணியும் அப்படி அணைவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். வேகமான கருவி வைத்துப் பார்த்தால், முழுக்க அணைய ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வினாடி எடுத்துக்கொள்வது தெரியும். அந்த இடைவெளியில்தான் அகலம் ஒளிந்திருக்கிறது.

இதை நிழலாக நினைத்தால் எளிது. டியூப்லைட்டுக்குக் கீழே கையை நீட்டுங்கள், நிழலின் ஓரம் மங்கலாக விழும். செல்போன் டார்ச்சுக்கு முன்னால் நீட்டினால் ஓரம் கறாராக இருக்கும். விளக்கு அகலமாக ஆக, ஓரம் மங்கும். ரோகிணி விளக்கு, நிலா கை, நீலகிரி மலை சுவர். ரோகிணியின் ஒளியில் விழும் நிலாவின் நிழல், வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் மலைகள்மேல் ஓடுகிறது. அதன் மங்கல் ஓரத்தின் அகலம் சுமார் 37 மீட்டர்! 65 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற ஒன்றின் பருமன், ஊட்டியில் ஒரு கேரட் தோட்டத்துக்குள் அடங்கும் நீளமாக நமக்கு முன்னால் வந்து விழுகிறது. எனக்கு இந்த இடத்துக்கு வந்தாலே ஒரு குஷி.

விஷயம் இத்தோடு முடியவில்லை. மறையும் நேரத்தை அளந்து விட்டத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று கணித அறிஞர் மக்மஹோன் 1908-ல் யோசனை சொன்னபோது, பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் மறுத்தார். ஒளி அலையல்லவா? விளிம்பில் வளையும். விளக்கு வெறும் புள்ளியாகவே இருந்தாலும் நிழலின் ஓரம் சுத்தமாக விழாது. வெளிச்சப் பட்டை, மங்கல் பட்டை என்று மாறி மாறி வரும். நிலா இருக்கும் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் பட்டைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி. நட்சத்திரத்தின் அகலத்தை இந்தக் குழப்பம் மூழ்கடித்துவிடும் என்பது அவர் வாதம்.

பட்டைகள் இருக்கும் என்றது சரி. முடிவுதான் சரியில்லை. 1939-ல் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் இதைத் திருப்பிப் போட்டார். நட்சத்திரத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென்று ஒரு பட்டை வரிசையைத் தரையில் போடும். பக்கத்துப் புள்ளியின் வரிசை ஒரு துளி தள்ளி விழும். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது பட்டைகள் கரையும். எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தால் விளக்கின் அகலம் தெரிந்துவிடும். குறுகிய நட்சத்திரத்துக்குப் பட்டைகள் தெளிவாக நிற்கும். 37 மீட்டர் மங்கல் கொண்ட ரோகிணிக்கு அநேகமாக அழிந்து, வெளிச்சம் சரிவாக இறங்கும். காற்று இதைக் கெடுக்காதா? பெரிதாக இல்லை. பட்டை உருவாவது நிலாவின் விளிம்பில், காற்றுக்கு வெகு தூரத்தில். நாம் படம் பிடிக்கவில்லை. வெளிச்சம் எப்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறோம், அவ்வளவே.

மங்கலின் அகலத்தை நிலாவின் தூரத்தால் வகுத்தால், நம் கண்ணுக்கு ரோகிணி எவ்வளவு விரிகிறது என்ற கோணம் கிடைத்துவிடும். ரோகிணியின் தூரம் தெரியும், பெருக்கினால் விட்டம் சுமார் 6 கோடி கிலோமீட்டர். சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியை வைத்தால், புதன் கோளின் பாதை வரையிலான தூரத்தில் பாதியை அது பிடித்துக்கொள்ளும்.

இதே யுக்திக்காகவே ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு மாபெரும் கருவி இருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-ல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி; நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பி மணிக்கணக்கில் வானத்தைத் தொடர முடிகிறது. அது ரோகிணியைப் பார்ப்பதற்கல்ல. ரேடியோ அலைகளை வீசும் தொலைதூர விண்பொருள்களை நிலா மறைக்கும்போது அவற்றின் அளவைக் குறிக்கக் கட்டியது. அந்த அளவுகள், பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கொள்கைக்குச் சாதகமாக நின்றன. மலையை அளவுகோலாக்கியவர்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்வது இதனால்தான்.

நம்மூரில் ரோகிணி என்றதும் தொலைநோக்கி யாருக்கு நினைவு வருகிறது? “தாய்மாமனுக்கு ஆகாது” என்பதுதான் வருகிறது. என் அக்கா மகன் ரோகிணி. மாமன்காரன் நான் இதைத் தெம்பாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலா 27 நட்சத்திரங்களையும் ஒரு சுற்று வருகிறது என்றால், இருபத்தேழு பேருக்கு ஒருவர் வீதம் உலகில் சுமார் 30 கோடிப் பேர் ரோகிணிக்காரர்கள். அத்தனை பேரின் மாமன்களையும் குறிவைக்க, 65 ஆண்டுக்கு முன் கிளம்பிய வெளிச்சத்துக்கு வேறு வேலை இல்லையா? நம் பழைய இலக்கியத்தில் திங்கள் ரோகிணியோடு சேரும் நாள், கல்யாணத்துக்கு நல்ல நாள். வரன் பார்க்கும்போது இந்த மாமன் கதையைச் சொல்லிப் பெண்ணைத் தட்டிக்கழிப்பவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

நிலா ரோகிணியை மறைக்கும் சுற்று 2018-ல் முடிந்தது; அடுத்தது 2033-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீளும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை: சிறிய தொலைநோக்கி, சில மில்லிவினாடிக்கு ஒருமுறை வெளிச்சத்தைப் பதியும் கேமரா, ஜிபிஎஸ் கடிகாரம். கட்டடத்துக்கும் திறப்பு விழாவுக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கை மலையிலுள்ள கல்லூரிகளின் இயற்பியல் துறைக்குக் கொடுத்தால் போதும். இரண்டு கருவியாக வாங்குவது உத்தமம். ஊட்டியில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. இரண்டு ஊருக்கும் ரோகிணி நிலாவின் விளிம்பில் சற்றே வேறு வேறு இடத்தில் மறையும். ஓரிடத்தில் நிலாவின் மேட்டுச் சரிவு குறுக்கிட்டு, மறையும் வேகத்தை மாற்றிக் காட்டியிருந்தால், மற்ற ஊரின் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்திவிடலாம்.