மேடைமேல் வைக்கும் வாட்டர் ஃபில்டர்: கடைக்குப் போகும் முன் ஒரு பாட்டில் தண்ணீர்

போன வருடம் ஐப்பசி மழையின்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு கோலா பாட்டில்களோடு எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கு வந்தார். ஒன்றில் ‘குழாய்’, இன்னொன்றில் ‘ஃபில்டர்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. “ஏம்ப்பா, பேரனுக்கு அடிக்கடி வயிறு கெட்டுப்போகுது. ஃபில்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

கோலா பாட்டிலில் வந்த தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கலாம். கிருமி பார்க்க முடியாது, பாட்டிலே கிருமியைக் கொடுத்துவிடும். கிருமி நீக்கிய பாட்டில் இரண்டு கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடையில் ஐஸ் போட்டு, அதற்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு நாளில் முடிவு வந்தது. குழாய்த் தண்ணீரில் கோலிஃபார்ம், அதாவது அசுத்தம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமி, இல்லை. ஃபில்டர் தண்ணீரில் நிறைய. “சீட்டை மாத்தி ஒட்டிட்டியாப்பா?” என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்ததால், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வீட்டில் இறங்கினேன்.

சமையல் மேடையில் இரண்டு அடுக்கு ஃபில்டர். மேலே ஊற்றினால் கேண்டில் என்ற பீங்கான் வடிகட்டியும் கரியும் வழியாக வடிந்து கீழ் அடுக்கில் நிற்கும் வகை. கையோடு கொண்டுபோன இரண்டு சின்னச் சோதனைக் குழாய்களில் இரண்டு தண்ணீரையும் பிடித்து, குளோரின் பார்க்கும் மாத்திரையைப் போட்டேன். குழாய்த் தண்ணீர் வெளிர் ரோஜா நிறமானது. ஃபில்டர் தண்ணீர் அப்படியே நின்றது, அதில் சொட்டு குளோரின் இல்லை. பிறகு ஃபில்டரின் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினேன். மீன் தொட்டிச் சுவர் மாதிரி வழவழவென்று வந்தது. இரண்டு வருடமாக அந்தக் குழாயை யாரும் கழற்றியதில்லை. கேண்டிலை மட்டும் மாதாமாதம் தேய்த்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். கரியின் வேலையே குளோரின் வாடையை எடுப்பது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் நகராட்சி போட்டு அனுப்பிய காவல்காரன் போய்விட்டான். காவல் இல்லாத தண்ணீர் ராத்திரி முழுக்க அழுக்குக் குழாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பேரனின் வயிற்றுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. தண்ணீரைப் பற்றி என்னால் சொல்ல முடியும்: அந்த வீட்டில் ஃபில்டருக்குள் போனதைவிட வெளியே வந்தது மோசம்.

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எது நல்ல ஃபில்டர் என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் ஒரு எண்ணைச் சொல்வார்கள்: “டிடிஎஸ் 600 சார்.” டெமோ காட்ட வந்த பையன் பேனா மாதிரி ஒரு கருவியை டம்ளரில் விட்டுப் பார்த்துச் சொன்ன எண் அது. அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான். அது நல்ல உப்பா கெட்ட உப்பா என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடு, நைட்ரேட், ஈயம் எதையும் பிரித்துச் சொல்லாது. கிருமியைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரில் பேனா 250 காட்டி நான் பார்த்திருக்கிறேன்.

எண் வேண்டுமென்றால் இதோ. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு உப்புக்காக ஆர்.ஓ. (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வால் உப்பைப் பிரிக்கும் கருவி) தேவையில்லை. அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதே இதனால்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் இயந்திரம் அது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஊர் ஊராகப் பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீரில் உப்பே மிகக் குறைவு. அதைப் பிடிக்கும் வீட்டிலும் ஆர்.ஓ. ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

டெமோ பற்றி இன்னொன்று. இரண்டு டம்ளர்கள், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை வைத்து பிளக்கைச் செருகுவார்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் டம்ளர் பழுப்பாகி, பச்சையாகி, மேலே அழுக்கு நுரை மிதக்கும். அவர்கள் டம்ளர் பளிச்சென்று நிற்கும். பார்ப்பவருக்குக் குடலைப் புரட்டும். “இதைத்தான் மேடம் இத்தனை நாளா குடிச்சீங்க” என்பார் பையன். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருகிறது. உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையாது. சந்தேகமாக இருந்தால் அடுத்த முறை அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி பிளக்கைச் செருகச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதைச் செய்தார். பையன் டீ கூடக் குடிக்காமல் பெட்டியைக் கட்டிவிட்டான். அவனைத் திட்டிப் பயனில்லை, அவனுக்குக் கொடுத்த பயிற்சி அப்படி.

சரி, என்ன பார்க்க வேண்டும்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் ஆரம்பியுங்கள். அணை, ஏரி, ஆற்றிலிருந்து சுத்திகரித்து வரும் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு பிரச்சினை கிடையாது. கவலையெல்லாம் வழியில்: உடைந்த குழாய், மூடி சரியில்லாத சம்ப், வருடக்கணக்கில் கழுவாத மேல்தொட்டி. இதற்குக் கிருமியைத் தடுக்கும் ஃபில்டர் போதும். போர் தண்ணீர் என்றால் கதை வேறு. செப்டிக் டேங்க் பக்கத்தில் போர் இருந்தால் நைட்ரேட் வரும். அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்குமேல் தளர்வே கிடையாது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைகிறது. பல்லில் பழுப்புக் கறை, வளைந்த முழங்கால் என்று அந்த ஊர்களில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சென்னையின் கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறிய போர்.

நைட்ரேட்டும் ஃபுளோரைடும் இருக்கும் தண்ணீரைக் காய்ச்சினால் போய்விடும் என்று நம்பிக் காய்ச்சுகிறவர்கள் பலர். போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைந்து, அவை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகும். கிருமிக்கு மட்டும் காய்ச்சுவதைப் போல வேறொன்று இல்லை. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும்.

பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, பருப்பு வேகவில்லை என்பது கடினத்தன்மை. தொல்லைதான், ஹீட்டருக்கும் கெடுதல். ஆனால் கடினத்தன்மைக்கென்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்து, சாயங்காலத்துக்குள் செம்மஞ்சளாகும் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதை முன்னால் தனியாக எடுக்காமல் நேராக ஃபில்டரில் விட்டால் கேண்டிலும் மெம்பிரேனும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டினால் பொதுமக்கள் கொண்டுவரும் தண்ணீரையும் பார்த்துக் கொடுப்பார்கள். ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். ஃபில்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கையில் ஆய்வு முடிவுத் தாள் வந்துவிட்டால் ஃபில்டர் வாங்குவது சுலபம். உப்பு சரி, கிருமி பயம் மட்டும்தான் என்றால் யுஎஃப் போதும். நுண்ணிய துளையுள்ள நார்கள் வழியாகத் தண்ணீர் வடியும். துளை 0.01 மைக்ரான் அளவு, பாக்டீரியா உள்ளே நுழைய முடியாது. கரண்ட் வேண்டாம், சுவரில் துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்குத் தோது. ஆனால் இது உப்பைத் தொடாது. வடிகட்டிய பிறகும் பேனா அதே எண்ணைத்தான் காட்டும். அதைப் பார்த்து ஃபில்டர் கெட்டுவிட்டது என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. யுவி (புற ஊதா) விளக்கு கிருமியை நன்றாகவே அழிக்கும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் இருந்தால் கிருமி அந்த நிழலில் ஒளிந்துகொள்ளும். விளக்கு நீலமாக எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். வருடம் ஆக ஆக, எரிந்துகொண்டே வீரியம் குறையும். உப்போ நைட்ரேட்டோ ஃபுளோரைடோ வரம்பைத் தாண்டினால்தான் ஆர்.ஓ. பக்கம் போக வேண்டும். அப்போது வாங்கத் தயங்கவும் கூடாது.

ஆர்.ஓ. வாங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பல மாடல்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு வைக்கிறார்கள். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் சர்வீஸ் பையன் அதைக் கொஞ்சம் திருகுவார், ருசி வந்துவிடும். ருசி எப்படி வந்தது? மெம்பிரேனைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தைச் சுற்றுவழியில் கொண்டுவந்து கலப்பதுதான் அந்தத் திருகின் வேலை. நைட்ரேட்டுக்காக ஆர்.ஓ. வாங்கிய வீட்டில் அந்த நைட்ரேட்டே பின்வாசல் வழியாக வரும். தாதுக்களைப் பிறகு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் (ஃபில்டருக்குள் கழற்றி மாற்றும் குப்பி) வேறு, இது வேறு. எது இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். காரத் தண்ணீர் (ஆல்கலைன்), செம்புத் தண்ணீர் என்று வருவதற்கெல்லாம் நான் காசு கொடுக்க மாட்டேன். இரைப்பையில் இருக்கும் அமிலத்தின் முன்னால் அந்தக் காரம் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?

வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வாங்கிவரும் ஜக் ஃபில்டர் அழகாக இருக்கும், ஃபிரிட்ஜ் கதவில் பொருந்தும். அந்த ஊர்க் குழாயில் ஏற்கெனவே கிருமியில்லாத தண்ணீர் வருகிறது, அதன் குளோரின் வாடையை எடுக்கச் செய்தது அது. கிருமியில் பாதுகாப்பான தண்ணீரை மட்டும் ஊற்றவும் என்று அதோடு வரும் தாளிலேயே இருக்கும். என்எஸ்எஃப் என்ற அமெரிக்கத் தரச்சான்றில் 42 என்று பெட்டியில் இருந்தால் வாடை, ருசி சம்பந்தப்பட்டது, 53 இருந்தால் ஈயம் மாதிரி உடல்நலத்துக்கான சோதனை, 58 ஆர்.ஓ.வுக்கு. லாரித் தண்ணீரை 42-இல் ஊற்றிக் குடிப்பது, குடையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குவது போல.

‘99% கிருமி நீக்கும்’ என்ற வாசகமும் அப்படியே. கேட்க நன்றாக இருக்கிறது. லட்சம் கிருமி உள்ள தண்ணீரில் 99 சதவீதம் போனால் ஆயிரம் மிச்சம். பாக்டீரியாவுக்கு 99.9999, வைரஸுக்கு 99.99 என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சுத்திகரிப்புக் கருவிக்கு வைத்த அளவுகோல். பெட்டியில் ஒன்பதுகளை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம் கார்ட்ரிட்ஜ் கணக்கு. நாலு பேர் வீட்டில் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். மாதம் 600 லிட்டர். 1500 லிட்டர் கார்ட்ரிட்ஜ் இரண்டரை மாதத்தில் முடியும். ஃபில்டர் விலையைப் பார்க்காமல் கார்ட்ரிட்ஜ் விலையை அதன் லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மலிவு எது என்று அப்போது தெரியும். உங்கள் ஊரில் அந்தக் கார்ட்ரிட்ஜ் கடையில் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

மேடையில் வைக்கும்போது வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம், பாசி பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஆர்.ஓ. கழிவுக் குழாயின் நுனி சிங்க்கில் தேங்கும் தண்ணீருக்குள் முங்காமல் மேலே நிற்கட்டும். அந்தக் கழிவைத் தரை துடைக்கப் பிடித்து வைக்கலாம். கேண்டில் இருந்தால் சோப்பு போடாமல் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பி விரிசல் பாருங்கள். வாஷர் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் கேண்டிலுக்குள் போகாமல் ஓரமாக இறங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் அடுக்கையும் அந்தச் சின்னக் குழாயையும் கழற்றிக் கழுவுங்கள். ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால், நின்ற தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன ஃபில்டர் என்று கடைசியில் எல்லோரும் கேட்பார்கள். மெட்ரோ தண்ணீர், மேடையில் ஒரு சாதாரண யுஎஃப். கோடையில் லாரி வரும் இரண்டு மாதம் அதோடு காய்ச்சவும் செய்கிறோம். கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதியை என் மனைவி அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பாள், எனக்கு ஞாபகம் இருக்காது. டீச்சரம்மா புது ஃபில்டர் வாங்கவில்லை. குழாயை மட்டும் மாற்றி, அடுக்கைக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி தண்ணீர் கொண்டுவந்தார். இந்தத் தடவை பாட்டிலுக்கு அவரே வந்து கேட்டார். முடிவில் கோலிஃபார்ம் இல்லை என்று எழுதியிருந்ததைக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “பழைய குழாயைத் தூக்கிப் போட்டுடவா, இல்லை உனக்கு எதுக்காவது வேணுமா?” என்றார். வாங்கி வைத்திருக்கிறேன். கடைசியாக வந்து ஃபில்டர் கேட்டவருக்கு அதைத்தான் காட்டினேன்.