12 ஐங்கோணம் இல்லாமல் பந்து மூடாது

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் திண்ம உருவங்கள் பாடம் வந்தால் ஓர் அட்டவணையும் கூடவே வந்துவிடும். இடப்பக்கம் கனச்சதுரம், கனச்செவ்வகம், முக்கோணப் பட்டகம், சதுரப் பிரமிடு என்று பெயர்கள். எதிரே முகம் எத்தனை, விளிம்பு எத்தனை, உச்சி எத்தனை என்று காலிக் கட்டங்கள். பிள்ளைகள் படத்தின் மேல் விரல் வைத்து எண்ணுவார்கள். பின்பக்கம் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கும் விளிம்பை விட்டுவிடுவார்கள். சில பக்கம் தள்ளி இயற்கணிதம் வரும். எண்ணுக்குப் பதிலாக எழுத்து, சமன்பாடு, பிரதியிடுதல். இந்த இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. அது நஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால், கையில் எடுத்தே பார்க்காத ஓர் உருவத்தைப் பற்றி, ‘இப்படி ஒன்று இருக்கவே முடியாது’ என்று அடித்துச் சொல்ல முடியும்.

முதலில் எண்ணுவதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்வோம். கனச்சதுரத்துக்கு 6 முகங்கள். ஒவ்வொன்றும் சதுரம், ஆளுக்கு 4 பக்கம், மொத்தம் 24. ஆனால் விளிம்பு என்பது இரண்டு முகங்கள் ஒட்டும் இடம். ஆகவே ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். பாதியாக்கினால் 12. உச்சிக்கும் இதே வழிதான்: ஆறு சதுரங்களுக்கும் சேர்த்து 24 மூலைகள், ஓர் உச்சியில் மூன்று மூலைகள் கூடுகின்றன, 24-ஐ 3-ஆல் வகுத்தால் 8. இது பிடிபட்டுவிட்டால் படமே வேண்டாம். 12 ஐங்கோணங்களால் ஆன பன்னிருமுகியில், உச்சிக்கு மூன்று ஐங்கோணம் கூடுகிறது என்று மட்டும் சொன்னால் போதும்: 12 × 5 = 60, அதில் பாதி 30 விளிம்பு, மூன்றில் ஒரு பங்கு 20 உச்சி.

இப்போது முகங்களையும் உச்சிகளையும் கூட்டி, விளிம்புகளைக் கழித்துப் பாருங்கள். கனச்சதுரம்: 6 + 8 − 12 = 2. பன்னிருமுகி: 12 + 20 − 30 = 2. சதுரப் பிரமிடு: 5 + 5 − 8 = 2. முக்கோணப் பட்டகம்: 5 + 6 − 9 = 2. எங்கே போனாலும் அதே 2.

நான்கு உதாரணம் பார்த்துவிட்டு எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. எழுத்து இங்கேதான் உதவிக்கு வருகிறது. அடிப்பக்கத்துக்கு ப பக்கங்கள் உள்ள ஒரு பட்டகத்தை எடுத்துக்கொள்வோம். ப எதுவாகவும் இருக்கட்டும்: 3, 7, ஆயிரம். மேலும் கீழும் 2 முகங்கள், சுற்றிலும் ப முகங்கள், ஆக ப + 2. உச்சிகள் மேலே ப, கீழே ப, ஆக 2ப. விளிம்புகள் மேலே ப, கீழே ப, நிற்பவை ப, ஆக 3ப. கூட்டிக் கழித்தால் ப + 2 + 2ப − 3ப = 2. ப அடிபட்டுப் போய்விடுகிறது. ஒரே வரியில் உலகத்திலுள்ள எல்லாப் பட்டகங்களையும் எண்ணி முடித்துவிட்டோம்.

பட்டகம் இல்லாத உருவங்களுக்கு? முகங்களின் எண்ணிக்கை மு, உச்சிகள் உ, விளிம்புகள் வி என்றால் மு + உ − வி = 2 என்பது பொதுவான விதி என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் லியோனார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1707-இல் பிறந்தவர். பெர்லினில் இருந்தபோது, 1750 நவம்பர் 14 அன்று நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். இவ்வளவு பொதுவான ஒன்றை இதுவரை யாரும் கவனிக்காதது வியப்பாக இருக்கிறது என்றும், தனக்கே இன்னும் திருப்தியான நிரூபணம் கிடைக்கவில்லை என்றும் அதில் எழுதினார். பிற்பாடு அவர் கொடுத்த நிரூபணத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாண்டர் 1794-இல்தான் குறையில்லாத ஒன்றைத் தந்தார். கிரேக்கர்கள் காலத்திலிருந்தே திண்மங்களைக் குடைந்து குடைந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கவனமெல்லாம் நீளம், கோணம், கன அளவு என்று அளப்பதிலேயே இருந்தது. அளவை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்ததுதான் ஆய்லரின் வழி.

இந்த 2 எங்கிருந்து வருகிறது? அதற்கு அழகான ஒரு வழி உண்டு. திண்மத்தின் ஒரு முகத்தை மட்டும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையை அகட்டி, மீதியைத் தரையில் தட்டையாக விரித்துவிடுவோம். 1811-இல் கோஷி என்ற இளைஞர் கையாண்ட உத்தி இது. நீளமும் கோணமும் கெட்டுப்போகும், கெடட்டும், எண்ணிக்கை மாறாது. கனச்சதுரத்தை இப்படி விரித்தால் பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரம், மூலைக்கு மூலை நான்கு இணைப்புக் கோடுகள்.

இதை வயல்வெளியாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் வரப்பு, கட்டங்கள் வயல், உச்சிகள் வரப்புகள் கூடும் முனை. கழற்றிய முகம் வெளியே நிற்கும் ஆற்று வெள்ளம். எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் காய்ந்த வயலும் உள்ள வரப்பைத்தான் வெட்டலாம். அப்படியானால் ஒரு வெட்டுக்கு ஒரு வயல்தான் நனையும். வெளியே இருப்பதை நீக்கினால் மு − 1 வயல்கள், ஆகவே மு − 1 வெட்டுகள்.

சரி, வெட்டாமல் விட்ட வரப்புகள் எத்தனை? அவை எங்கேயும் வட்டமாக வளைந்து மூடியிருக்க முடியாது. மூடியிருந்தால் உள்ளே ஒரு வயல் காய்ந்து கிடக்கும். தனித்தனித் துண்டாகவும் போயிருக்காது. ஒரு துண்டை முழுக்கப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற வரப்பை வெட்டியிருக்க வேண்டும், அதை நாம் செய்யவில்லை. ஆக, ஒரு முனையில் நின்று மீதி வரப்புகள் மேல் நடந்து போனால், ஒவ்வொரு புது வரப்பும் சரியாக ஒரு புது முனைக்குக் கொண்டு சேர்க்கும். தொடங்கிய முனைக்கு வரப்பு தேவைப்படவில்லை. எனவே மீதி உள்ள வரப்புகள் உ − 1.

வெட்டியதும் விட்டதும் சேர்ந்தால் மொத்த விளிம்புகள்: வி = (மு − 1) + (உ − 1). இடம் மாற்றினால் மு + உ − வி = 2. வெளியே நின்ற அந்த ஒரு முகம், நடை தொடங்கிய அந்த ஓர் உச்சி, இவை இரண்டும்தான் அந்த 2.

உருளையைப் பற்றி ஒரு சந்தேகம் வகுப்பில் தவறாமல் எழும். அதற்கு மூன்று முகம் (மேல், கீழ், வளைந்த பக்கம்), இரண்டு வட்ட விளிம்பு, உச்சி ஏதும் இல்லை. 3 + 0 − 2 = 1. விதி பொய்த்துவிட்டதா? இல்லை. வயல் கணக்கில் ஒவ்வொரு முகமும் ஓட்டையில்லாத ஒரே கட்டமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வரப்புக்கும் முனைகள் இருக்க வேண்டும். உருளையின் பக்கம் அப்படி இல்லை, அது வளையம். மேல் வட்டத்திலிருந்து கீழ் வட்டத்துக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இரு முனைகளில் 2 உச்சிகள் வந்துவிடும், விளிம்பு 3 ஆகும், முகம் அதே 3. இப்போது 3 + 2 − 3 = 2. பால் டின்னில் ஒட்டிய தாளை நீளவாக்கில் கிழித்து விரித்தால் செவ்வகம் கிடைக்கிறதே, அந்தக் கிழிசல்தான் இந்தக் கோடு.

இனி இந்தச் சூத்திரத்தை வேலை வாங்குவோம். எல்லா முகங்களும் ஒரே மாதிரியான ஒழுங்குப் பலகோணம், எல்லா உச்சியிலும் ஒரே எண்ணிக்கையில் விளிம்புகள் கூடுகின்றன. இப்படிப்பட்ட ஒழுங்குத் திண்மங்கள் எத்தனை இருக்க முடியும்? முகத்துக்கு ப பக்கம், உச்சிக்கு க விளிம்பு என்போம். முன்பு செய்த அதே இரட்டிப்புக் கணக்கின்படி ப × மு = 2வி, க × உ = 2வி. மு, உ இரண்டுக்கும் பதிலாக இவற்றைப் போட்டு, எல்லாவற்றையும் 2வி-ஆல் வகுத்தால் கிடைப்பது:

1/ப + 1/க = 1/2 + 1/வி

வலப்பக்கம் எப்போதும் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே இடப்பக்கமும் பாதியைத் தாண்ட வேண்டும். ப, க இரண்டும் குறைந்தது 3. இரண்டும் 3 என்றால் 2/3; பாதியைத் தாண்டிய மீதி 1/6, ஆக வி = 6. அதுதான் நான்முகி. ஒன்று 3, மற்றது 4 என்றால் மீதி 1/12, வி = 12: கனச்சதுரமும் எண்முகியும். 3-உம் 5-உம் என்றால் மீதி 1/30, வி = 30: பன்னிருமுகியும் இருபதுமுகியும். 3-உம் 6-உம் என்றால் சரியாகப் பாதி, மீதி இல்லை. 4-உம் 4-உம் அப்படியே. அதற்கு மேல் போனால் பாதிக்கும் குறைவு. ஐந்தோடு கதை முடிந்தது. யூக்ளிட் தன் நூலின் 13-ஆவது புத்தகத்தின் முடிவில் இதே ஐந்தைக் கோணங்களை வைத்து நிறுவினார். நாம் ஒரு கோணத்தைக்கூடத் தொடவில்லை.

இப்போது கால்பந்து. 1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் கொடுத்த டெல்ஸ்டார் பந்தில் கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. இன்றைய பந்துகள் அப்படி இல்லை, 2014 உலகக் கோப்பைப் பந்துக்கு ஆறே துண்டுகள்தான். ஆனாலும் பந்தை வரையச் சொன்னால் நம் கை அந்தப் பழைய பந்தைத்தான் வரையும். வரையும்போது பலர் எல்லாவற்றையும் அறுகோணமாகவே போட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் கால்பந்து மைதானத்துக்கு வழிகாட்டும் சாலைப் பலகையிலேயே அப்படித்தான் இருக்கிறது. கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் மேட் பார்க்கர் 2017-இல் அதைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டார். 20,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அரசு மாற்ற மறுத்துவிட்டது.

அந்தப் பலகையில் உள்ள பந்தை ஏன் தைக்கவே முடியாது? ஐங்கோணங்கள் ஐ, அறுகோணங்கள் அ என்று வைத்துக்கொள்வோம். மு = ஐ + அ. பக்கங்களின் கூட்டுத்தொகை 5ஐ + 6அ. அது 2வி-க்குச் சமம். உச்சிக்கு மூன்று துண்டுகள் கூடுவதால் 3உ-க்கும் சமம். சூத்திரத்தை 6-ஆல் பெருக்கினால் 6மு + 6உ − 6வி = 12. பிரதியிடுவோம்:

6ஐ + 6அ + 2(5ஐ + 6அ) − 3(5ஐ + 6அ) = 12

அடைப்புகளை நீக்கினால் அறுகோணத்துக்கு 6 + 12 − 18, அதாவது சுழியம். ஐங்கோணத்துக்கு 6 + 10 − 15, அதாவது 1. மிஞ்சுவது ஐ = 12. அறுகோணம் எத்தனை போட்டாலும் சமன்பாடு அதைக் கண்டுகொள்வதில்லை. ஐங்கோணம் மட்டும் சரியாக 12 இருந்தாக வேண்டும். ஒன்றுகூட இல்லாமல், அறுகோணங்களை மட்டும் வைத்து மூடிய பந்து செய்வது 0 = 12 என்று சொல்வதற்குச் சமம்.

இயற்கைக்கும் இதே கட்டுப்பாடுதான். 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் குழுவோடு கண்டறிந்த, 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அச்சு அசல் டெல்ஸ்டார்தான்: 60 உச்சி, 90 பிணைப்பு, 32 முகம். 1996-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் அண்ணன், 70 அணுக்கள் கொண்டது, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். அதில் அறுகோணம் 25, ஐங்கோணம் அதே 12. சளிக்காய்ச்சல் தரும் அடினோ வைரஸின் புரத உறையில் ஆறு பேரை அண்டைவீட்டுக்காரராகக் கொண்ட புரதக் கொத்துகள் 240. ஐந்து பேரை மட்டும் கொண்டவை 12. வைரஸ் சின்னதோ பெரியதோ, இப்படிப்பட்ட உறை என்றால் முதல் எண்தான் கூடும் குறையும்.

அப்புறம், இந்த 2 எப்போது உடையும்? நடுவில் துளை போட்டால் உடையும். ஒரு போட்டோ சட்டத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள், கண்ணாடி இல்லாமல். வெளிப் பக்கம் 4 முகம், உள் பக்கம் 4, முன்னும் பின்னும் ஒவ்வொன்று, மொத்தம் 10. உச்சி வெளியே 8, உள்ளே 8, ஆக 16. விளிம்பு வெளியே 12, உள்ளே 12, ஆக 24. 10 + 16 − 24 = 2. துளை இருந்தும் 2 வந்துவிட்டதே என்று அவசரப்பட வேண்டாம்; இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. முன் முகமும் பின் முகமும் நடுவில் ஓட்டையுள்ள வளையங்கள். உருளையில் பார்த்த அதே சிக்கல். தச்சர் நான்கு கட்டைகளை மூலையில் சாய்வாக அறுத்து இணைத்திருப்பாரே, அந்த இணைப்புக் கோடுகளையும் விளிம்பாகச் சேருங்கள். முன்னால் 4, பின்னால் 4. விளிம்பு 32 ஆகிறது. முன் முகம் நான்காகவும் பின் முகம் நான்காகவும் பிரிவதால் முகம் 16 ஆகிறது. உச்சி அதே 16. இப்போது 16 + 16 − 32 = 0. ஒழுங்கான முகங்களாக எண்ணினால், ஒரு துளை கணக்கிலிருந்து 2-ஐ எடுத்துக்கொள்கிறது. 1813-இல் சுவிட்சர்லாந்துக்காரரான லூலியே இதைத்தான் சொன்னார்: துளைகளின் எண்ணிக்கை து என்றால் மு + உ − வி = 2 − 2து. இரண்டு கண் வைத்த ஜன்னல் சட்டம் ஒன்று வீட்டில் இருந்தால் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். −2 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு முகத்தில் இன்னும் ஓட்டை இருக்கிறது.