இலக்கணப் புத்தகம் வேண்டாம், அனுப்பிய மெயில்களைத் திறந்து பாருங்கள்

வேலைக்காக ஆங்கிலம் கற்க வருபவர்களில் பலர் பன்னிரண்டு டென்ஸையும் ஒப்பிப்பார்கள். ஆனால் போன் அடித்தால் பக்கத்து சீட்டைப் பார்ப்பார்கள். அவர்கள் படித்தது பரீட்சைக்கான ஆங்கிலம்.

அவரவர் அனுப்பிய மெயில்களிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒரு மாத மெயில்களைப் புரட்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்வது, நினைவூட்டுவது, விவரம் கேட்பது என்று சில வாக்கியங்களே சுற்றிச் சுற்றி வரும். இருபதைப் பொறுக்கி, தெரிந்தவரிடம் திருத்தி வாங்குங்கள். பிறகு தாளைப் பார்க்காமல் சொல்லி, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். மனசுக்குள் படித்தால் வாய் பழகாது.

போனில்தான் சிக்கல் அதிகம். 'டிடின்ட் யூ சென்ட் த ஃபைல்?' என்று கேட்டால் நம்மவர் 'யெஸ்' என்பார். 'ஆமாம், அனுப்பவில்லை' என்பது நம் பேச்சு வழக்கு. எதிர்முனையில் இருப்பவருக்கோ 'அனுப்பிவிட்டேன்' என்று அர்த்தம். அவர் நிம்மதியாக வைத்துவிடுவார், சாயங்காலம் சண்டை வரும். யெஸ், நோ என்பதோடு நிறுத்தாமல் 'நோ, ஐ டிடின்ட். ஐ வில் சென்ட் இட் பை ஃபோர்' என்று வினையோடு முடித்தால் குழப்பமே இல்லை.

எண்களும் அப்படித்தான். 'ஃபிஃப்டீன்' என்பதில் அழுத்தம் பின்பகுதியில் விழ வேண்டும். 'ஃபிஃப்டி'யில் முதல் அசையில். லைன் சரியில்லாவிட்டால் கடைசி 'ன்' காதில் விழாது. 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இப்படித்தான் உறுதி செய்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'90 நாளில் சரளம்' என்ற விளம்பரத்துக்கு ஒரு கணக்கு: தினமும் அரை மணி நேரம் என்றால் 90 நாளில் 45 மணி நேரம். ஆரம்பத்திலிருந்து பி1 எனப்படும் நடுத்தரத் தேர்ச்சி நிலையை எட்டவே, ஆசிரியர் துணையோடு 350 முதல் 400 மணி நேரம் ஆகும் என்கிறது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு. 45 மணி நேரத்தில் சரளம் வராது. ஆனால் உங்கள் மேஜைக்கு வரும் வழக்கமான அழைப்புகளைச் சமாளிக்கலாம். அதையே முதல் இலக்காக வையுங்கள்.

மேலாளர்களுக்கு ஒன்று: மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் பிழை திருத்தாதீர்கள். அடுத்த மீட்டிங்கில் அவர் வாயே திறக்க மாட்டார். முடிந்தபின் தனியாக, அர்த்தத்தைக் கெடுத்த பிழை ஒன்றிரண்டை மட்டும் சொல்லுங்கள். 'எ' (a), 'த' (the) விட்டுப்போனதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.