முப்பதாவது விநாடியில் இருளும் திரை

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. கூட்டுறவு சங்க வாசலில் மேட்டூர் நீர்மட்டத்தையும், கல்லணையில் பிரித்து விடும் தண்ணீரின் கனஅடிக் கணக்கையும் காட்ட பாலிடெக்னிக் பிள்ளைகள் ஒரு பலகை செய்து கொடுத்திருக்கிறார்கள். உள்ளே லினக்ஸ் ஓடும் சின்ன ஆர்ம் போர்டு, முன்னால் 7 அங்குலத் திரை. திரை விரிசல் விட்டதும் அதே அளவில் வேறு கம்பெனித் திரை வாங்கி மாட்டினார்கள். போட்டவுடன் லோகோ வருகிறது. அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் மறுபடி அதே அரை நிமிடம். ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டியாயிற்று, அடாப்டரை மாற்றியாயிற்று, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் விட்டதுதான் காரணம் என்று ஒருவர் சொல்லியும் ஆயிற்று. "திரை சூடாகித்தான் அணைகிறதா?" என்று கேட்கிறார்.

சூடு காரணமென்றால் காலையில் 2 நிமிடம், மத்தியான வெயிலில் 20 விநாடி என்று மாற வேண்டும். எப்போது போட்டாலும் ஏறத்தாழ 30 விநாடியில் அணைகிறது என்றால், யாரோ கணக்கு வைத்து அணைக்கிறார்கள். அணைப்பது லினக்ஸின் மையமான கர்னல். அதை அப்படிச் செய்ய வைத்தது, பெரும்பாலும், ஒரு கோப்பில் விட்டுப்போன ஒற்றை எழுத்து.

எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டும் மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும். அதற்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லில் குறைந்தது 128 பைட் தகவல் இருக்கிறது: என்ன கம்பெனி, எத்தனை பிக்சல், எந்த வேகம். கம்ப்யூட்டர் கேபிள் வழியாகவே அதைப் படித்துக்கொள்கிறது. போர்டில் ரிப்பனால் மாட்டும் மலிவான பேனலுக்கு இந்த வசதி கிடையாது. வருகிற மின்னழுத்தத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் கண்ணாடி அது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கர்னலுக்கு வேறு யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படி எழுதும் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர்.

இதன் மூலம் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற 1994-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம். சன், பவர்பிசி இயந்திரங்களில் இருந்தது. ஆர்ம் உலகில் அப்போதெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி கோப்பு எழுதிக் கர்னலுக்குள் குவித்துக்கொண்டிருந்தார்கள். 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பார்த்துப் பகிரங்கமாகச் சலித்துக்கொண்ட பிறகு ஆர்ம் பக்கமும் டிவைஸ் ட்ரீக்கு மாறியது. இப்போது வன்பொருள் விவரம் தனிக் கோப்பு. டிடிசி என்ற கம்பைலர் அதைச் சுருக்கி பைனரியாக்கும், போர்டைப் போட்டதும் முதலில் ஓடும் பூட்லோடர் அதைக் கர்னல் கையில் கொடுக்கும்.

அந்தக் கோப்பில் பேனலுக்கென்று நோடு என்ற ஒரு பகுதி இருக்கும், அதன் ஒவ்வொரு வரியும் ஒரு பண்பு. அதில் முதல் வரி கம்பாட்டிபிள்: கம்பெனிப் பெயர், ஒரு காற்புள்ளி, மாடல் எண். அடுத்து பவர்-சப்ளை, அதாவது பேனலுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் எது என்ற சுட்டு. பிறகு பேக்லைட் எது, எனேபிள் பின் எது, ரீசெட் பின் எது, கண்ணாடியின் அகல உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று போகும்.

இங்கேதான் வினை. நோடில் தனக்குத் தெரியாத பண்பு ஒன்றைப் பார்த்தால் கர்னல் திட்டாது. கண்டுகொள்ளவே செய்யாது. புதுத் திரைக்கு நோடு எழுதியவர் பவர்-சப்ளை என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரு 'பி'யை விட்டுவிட்டார் என்று வையுங்கள். பேனலை இயக்கும் நிரலான டிரைவர் வந்து "பவர்-சப்ளை இருக்கிறதா?" என்று கேட்கும், இல்லை. கர்னல் உடனே ஒரு டம்மி ரெகுலேட்டரை நீட்டிவிட்டு, அப்படி நீட்டியதை லாகில் ஒரு வரியில் குறித்துவைக்கும். டிரைவருக்கு அது போதும். தான் ஆன் செய்யச் சொன்னது ஆன் ஆகிவிட்டதாக நம்பி வேலையைப் பார்க்கிறது. படமும் வருகிறது, ஏனென்றால் லோகோ காட்டுவதற்காக பூட்லோடர் உண்மையான ரெகுலேட்டரை ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருக்கிறது.

பூட் முடியும் தறுவாயிலிருந்து கர்னல் 30 விநாடி பொறுக்கும். தாமதமாக ஏறும் டிரைவர் மாட்யூல்கள் வந்து தங்கள் ரெகுலேட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் அந்த அவகாசம். பிறகு எல்லா ரெகுலேட்டரையும் ஒரு சுற்று பார்த்து, யாரும் உரிமை கோராமல், எப்போதும் எரிய வேண்டும் என்ற குறிப்பும் இல்லாமல், சும்மா ஆன் ஆகியிருப்பதையெல்லாம் அணைத்துவிடும். மின்சாரம் மிச்சம். நம் திரையின் ரெகுலேட்டரும் அந்தக் கணக்கில் போய்விடுகிறது.

கர்னலின் லாகைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையைப் போட்டு 'டம்மி ரெகுலேட்டர்' என்ற வரி பேனலின் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், தீர்ந்தது. ரெகுலேட்டர் நோடில் 'ஆல்வேஸ்-ஆன்' என்று போட்டாலும் திரை எரியும். இணையத்தில் பலரும் சொல்லும் வைத்தியம் அதுதான். ஆனால் அதன் பிறகு டிரைவரால் திரைக்கு மின்சாரத்தை நிறுத்தவே முடியாது. மின்சாரம் வந்து இத்தனை மில்லிவிநாடி கழித்து ரீசெட்டை விடு என்று டேட்டாஷீட் கேட்கிற பேனலில் அந்த வரிசையும் குலைந்துபோகும்.

எழுத்துப் பிழையாவது திரையை ஒரேயடியாக அணைத்து ஆளைக் கூப்பிடுகிறது. எண்ணில் பிழை இருந்தால் திரை எரிந்துகொண்டே தப்பாகக் காட்டும். 800 × 480 பேனலுக்கு ஒரு வரியில் 800 பிக்சல் அனுப்பினால் போதும் என்று தோன்றும், போதாது. உழவில் சால் முடிந்து வரப்போரம் ஏரைத் திருப்ப இடம் விடுகிற மாதிரி, பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் நேரம் விட்டார்கள். குழாய் போய்விட்டது, இடைவெளி தங்கிவிட்டது. இந்த அளவுப் பேனலில் வழக்கமாகப் பார்க்கிற கணக்கு: வரியின் முடிவில் 210 துடிப்பு (ஒரு பிக்சல் அனுப்பும் நேரம் ஒரு துடிப்பு), தொடக்கத்தில் 46. ஆக 1056. நெடுக்கே 480 வரியோடு 22-ம் 23-ம் சேர்த்து 525. இரண்டையும் பெருக்கி விநாடிக்கு 60 முறை என்றால் 3,32,64,000. அதனால்தான் டேட்டாஷீட்டில் பிக்சல் கிளாக் 33.3 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது.

அந்த 46-க்குள், புது வரி தொடங்குகிறது என்று பேனலுக்குச் சொல்லும் 20 துடிப்பு நீளமுள்ள சிங்க் பல்ஸும் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். டிவைஸ் ட்ரீயில் சிங்க் நீளமும், அது முடிந்து படம் தொடங்கும் வரை உள்ள பேக் போர்ச் இடைவெளியும் தனித்தனிப் பண்பு. 20 என்றும் 26 என்றும் எழுத வேண்டும். டேட்டாஷீட்டை மேலோட்டமாகப் பார்த்தவர் 20 என்றும் 46 என்றும் எழுதிவிடுவார். பேனல் சிங்க் தொடங்கியதிலிருந்து 46 எண்ணிவிட்டுப் படத்தை வாங்க ஆரம்பிக்கும், படம் வருவதோ 66-இல். இடப்பக்கம் 20 பிக்சலுக்குக் கறுப்புப் பட்டை, வலப்பக்கம் 20 பிக்சல் காணாமல் போகும். படம் எப்போது வருகிறது என்று தனியாகச் சொல்லும் டேட்டா எனேபிள் கம்பியைப் பார்த்து ஓடும் பேனலாக இருந்தால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. நெடுக்கிலும் இதேபோல் 10 வரி கூடிப்போயிருந்தால், 60-க்குப் பதில் விநாடிக்கு 58-க்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஜோடி ஜோடிக் கம்பிகளில் படத்தை வாங்கும் எல்விடிஎஸ் பேனலில் இன்னொரு கூத்து. ஒரு நிறத்துக்கு 8 பிட். முதல் மூன்று ஜோடிக் கம்பியில் மேல் 6 பிட்டை அனுப்பி மிச்ச 2 பிட்டை நாலாவதில் அனுப்புவது ஜெய்டா முறை. கீழ் 6 பிட்டை முதலில் அனுப்பி மேல் 2 பிட்டை நாலாவதில் அனுப்புவது வெசா முறை. டேட்டா-மேப்பிங் என்ற பண்பில் இது மாறிப்போனால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், வெள்ளையும் வெள்ளைதான், ஏனென்றால் எல்லாம் 0 அல்லது எல்லாம் 1. வெள்ளையில் கறுப்பு எழுத்து அட்சரசுத்தமாகத் தெரியும். ஆனால் வெசா முறையில் அனுப்பியதை ஜெய்டா பேனல் வாங்கினால் 63 என்ற சாம்பல் அளவு 252 ஆகிவிடும், அதற்கு அடுத்த 64 வெறும் 1 ஆகிவிடும். முகப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். எழுத்தை மட்டும் காட்டிச் சோதித்து அனுப்பிய போர்டுகளில் இது அப்படியே தங்கிவிடும்.

இத்தனை பண்பையும் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு பைண்டிங் என்ற ஆவணம் உண்டு. முன்பு அது வெறும் உரைக் கோப்பு. பேனலுக்கு ஒன்று, அவரவர் பாணியில். ஒருவர் பவர்-சப்ளை என்பார், இன்னொருவர் அதையே விசிசி-சப்ளை என்பார். மனிதன் படிக்கலாம், இயந்திரத்தால் சரிபார்க்க முடியாது. டிவைஸ் ட்ரீ பராமரிப்பாளர் ராப் ஹெரிங் முன்னின்று, சுமார் 2018-19 முதல் இவற்றை யாமல் என்ற உரை வடிவில் எழுதிய, இயந்திரம் படிக்கக்கூடிய விதித்தொகுப்புகளான ஸ்கீமாக்களாக மாற்றத் தொடங்கினார்கள். பேனல் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்ததால் அந்தப் பகுதி பெரிய வேலை. ஒரே ஒரு மின்வழி, ஒரு பேக்லைட், ஒரு எனேபிள் பின் என்ற அளவில் முடிகிற எளிய பேனல்களையெல்லாம் பேனல்-சிம்பிள் என்ற ஒரே கோப்பின் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

இந்த ஸ்கீமா வேலை செய்யும் விதம் நுணுக்கமானது. சரிபார்க்கும் கருவி போர்டுக் கோப்பின் ஒவ்வொரு நோடையும் எடுத்து, கம்பாட்டிபிள் வரியைப் பார்த்து, அதற்குரிய ஸ்கீமாவைத் தானே தேர்ந்தெடுக்கும். பெயரின் வாலைப் பார்த்தே வகையைத் தெரிந்துகொள்ளும்: மில்லிமீட்டர் குறியோடு முடிந்தால் அது எண், சப்ளை என்று முடிந்தால் இன்னொரு நோடுக்கான சுட்டு. அகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதுகிறேன் என்று யாரும் தனியாக ஒரு பண்பைக் கிளப்ப முடியாது.

எல்லாப் பேனலுக்கும் பொதுவான பண்புகள் பேனல்-காமன் என்ற கோப்பில் இருக்கின்றன. தனிப் பேனலின் ஸ்கீமா அதைச் சுட்டிவிட்டு, முடிவில் இரண்டில் ஒரு வரியைப் போட்டே ஆக வேண்டும். 'அன்இவால்யுவேட்டட்' தடை போட்டால், பொதுக் கோப்பிலும் இந்த ஸ்கீமாவிலும் உள்ள எதையும் இந்தப் பேனல் பயன்படுத்தலாம், அவற்றுக்கு வெளியே கூடாது. 'அடிஷனல்' தடை கண்டிப்பானது. பொதுக் கோப்பைப் பார்க்கவே பார்க்காது. இந்தப் பேனலுக்கு எது உண்டோ அதை மட்டும் இங்கே மறுபடி பேர் சொல்லி 'ட்ரூ' என்று அனுமதிக்க வேண்டும். ரீசெட் பின்னே இல்லாத பேனலுக்கு ரீசெட் எழுதினால் பிழை. புதிதாக எழுதுகிறவர்களுக்கு இது இரட்டை வேலையாகத் தெரியும். ஆனால் கண்ணாடியிலிருந்து எத்தனை கம்பி வருகிறது என்பதை இயந்திரம் படிக்கும்படி சொல்வது இந்த வரிதான். இரண்டில் ஒன்றையும் போடாமல் விட்டால் ஸ்கீமாவே செல்லாது. ஸ்கீமாக்களைச் சரிபார்க்க இன்னொரு ஸ்கீமா வைத்திருக்கிறார்கள்!

விட்டுப்போன 'பி' இங்கே இரண்டு முறை மாட்டும்: இப்படி ஒரு பண்பை எதிர்பார்க்கவில்லை என்று ஒன்று, பவர்-சப்ளை கட்டாயம் என்று ஒன்று. அதுவும் போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே.

பழைய திரையின் கம்பாட்டிபிளையே புதுத் திரைக்கும் போட்டு, "ஓடுகிறதே" என்று விடுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. மேலே பார்த்த டைமிங் எண்கள் பேனல்-சிம்பிள் வகையில் பெரும்பாலும் டிவைஸ் ட்ரீயில் இல்லாமல் டிரைவருக்குள், கம்பாட்டிபிளோடு கட்டப்பட்டிருக்கின்றன. நாளைக்கு யாராவது பழைய பேனலின் எண்களைத் திருத்தினால் உங்கள் திரையில் படம் நகரும். மாடல் எண் கண்ணாடியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். கடை பில்லில் உள்ள பெயரை நம்பாதீர்கள்.

பட்டியலில் இல்லாத பேனலானால் சேர்ப்பது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. கம்பெனிப் பெயர் புதிதென்றால் வெண்டர்-ப்ரிஃபிக்ஸஸ் கோப்பில் முதல் பேட்ச் (கர்னல் குழுவுக்கு அனுப்பும் திருத்தம்). அடுத்தது பைண்டிங், அகரவரிசையில் உரிய இடத்தில். பிறகு டிரைவர், கடைசியில் போர்டுக் கோப்பு. பைண்டிங்கையும் டிரைவரையும் ஒரே பேட்சில் கலந்தால் திருப்பி அனுப்புவார்கள். தனி பைண்டிங் தேவைப்பட்டாலும் 50, 60 வரிதான். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கும் இறுதியாண்டு புராஜெக்டை விட, உலகமே பார்க்க இந்த 50 வரிக்கு வாங்கும் திருத்தங்கள் அதிகம் கற்றுத் தரும். கல்லூரிகளுக்குப் போர்டு வாங்க நிதி ஒதுக்குகிறவர்கள் இதற்கும் மதிப்பெண் ஒதுக்கலாம், செலவே கிடையாது.

அனுப்புமுன் பைத்தானின் பிப் மூலம் டிடிஸ்கீமா என்ற சரிபார்ப்புக் கருவியை நிறுவி, கர்னல் மூலக்கோப்புகள் உள்ள இடத்தில் மேக் டிடி_பைண்டிங்_செக் ஓட்டுங்கள். பைண்டிங்கின் அடியில் நீங்கள் எழுதிய உதாரணத்தையும் கம்பைல் செய்து சரிபார்க்கும். போர்டுக் கோப்புக்கு மேக் டிடிபிஎஸ்_செக். டிடி_ஸ்கீமா_ஃபைல்ஸ் என்ற மாறியில் உங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்தால் மற்றதை விட்டுவிட்டு அதை மட்டும் பார்க்கும், நேரம் மிச்சம். இரண்டும் சத்தமில்லாமல் முடிந்தாலும் பேக் போர்ச் 46-ஆ 26-ஆ என்று ஸ்கீமாவுக்குத் தெரியாது, இரண்டுமே எண்தான். டேட்டாஷீட்டின் டைமிங் படத்தில் அந்த அம்புக்குறி சிங்க் பல்ஸின் தொடக்கத்திலிருந்து கிளம்புகிறதா, முடிவிலிருந்தா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.