காற்றை அளக்கும் சென்சரை மாற்றினால் காரின் இழுவை கூடுமா?

“அண்ணை, இந்தச் சென்சரில சின்ன மாற்றம் செய்தால் இழுவை கூடுமாமே?” என்று கேட்டுக்கொண்டு எங்கள் கராஜுக்கு வரும் இளைஞர்களின் தொகை அண்மைக்காலமாகக் கூடியிருக்கிறது. சிலர் இணையத்தில் வாங்கிய சிறிய ‘சிப்’ ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். வேறு சிலர் அகலமான குழாயும் கூம்பு வடிவ எயர் பில்டரும் கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய ஆசையில் பிழையில்லை. ஆனால் பூட்டித் தருமாறு கேட்கும் பொருள் என்ன செய்யும் என்பதை விளக்காமல் அதைப் பூட்டிக்கொடுப்பது தொழிலுக்கு நேர்மையன்று.

யாழ்ப்பாணத்தில் பரவலாக ஓடும் அக்ஸியோ, அக்குவா போன்ற கார்களில் எயர் பில்டரைத் தாண்டியதும், காற்றை அளக்கும் இந்தச் சென்சர் இருக்கிறது. அதனுள் உள்ள மெல்லிய உணரி, சுற்றியுள்ள காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடிய வெப்பத்தில் எப்போதும் வைத்திருக்கப்படுகிறது. காற்று கடந்துபோகும்போது உணரி குளிர்கிறது; அந்த வெப்பத்தை மீட்பதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு உள்ளே போகும் காற்றின் நிறையை என்ஜின் கொம்பியூட்டர் கணக்கிடுகிறது. சாதாரண ஓட்டத்தில் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்ற விகிதத்தில் அது எரிபொருளைப் பாய்ச்சுகிறது. ஆகவே இந்தச் சென்சர் ஒரு தராசு மாத்திரமே. தராசுத் தட்டை அழுத்திப் பிடிப்பதால் சாக்கில் இருக்கும் அரிசி கூடிவிடாது.

அகலமான குழாயை எடுத்துக்கொள்வோம். சென்சர் பொருத்தப்பட்ட 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குப் பதிலாக 70 மில்லிமீற்றர் குழாயைப் பூட்டினால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 36 வீதம் கூடுகிறது. என்ஜின் உறிஞ்சும் காற்று பழைய அளவிலேயே இருக்க, அது சென்சரைக் கடக்கும் வேகம் குறைவதால், கொம்பியூட்டர் உண்மையைவிடக் கால்வாசியளவு குறைந்த காற்றே வருவதாக நினைத்துப் பெற்றோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடுகிறது. மெதுவாக ஓடும்போது புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் சென்சரின் தகவலைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்ள முயல்கிறது. திருத்தம் எல்லையைத் தொட்டதும் பெற்றோல் குறைவு என்பதைக் காட்டும் பி0171 என்ற குறியீட்டுடன் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஆனால் ஏ9 வீதியில் முந்துவதற்காக அக்சிலரேற்றரை முழுதாக மிதிக்கும்போது பெரும்பாலான கார்களில் அந்த உடனடித் திருத்தம் நடப்பதில்லை. போதிய பெற்றோல் இல்லாமல் எரிவதோடு, என்ஜினில் சுமை குறைவு என்று நம்பித் தீப்பொறியையும் கொம்பியூட்டர் முந்திக் கொடுக்கிறது. அதனால் ‘நொக்கிங்’, அதாவது பெற்றோல் கலவை தானாகவே வெடித்து என்ஜின் தட்டுவது, உண்டாகிறது. நொக் சென்சர் ஓரளவு காப்பாற்றலாம், ஆயினும் இது தொடர்ந்தால் பிஸ்டனின் தலை உருகும் நிலைகூட ஏற்படலாம். ஓட்டுபவருக்கோ முதல் சில நாட்கள் கார் ‘சுறுசுறுப்பாக’ இருப்பதாகவே தோன்றும் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

‘சிப்’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் சில ரூபாய் பெறுமதியான ஒரு றெசிஸ்ரர், அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு பாகம். இக்கார்களில் அதே சென்சருக்குள் காற்றின் வெப்பநிலையை அளக்கும் பகுதியும் இருக்கிறது. குளிர் கூடக்கூட அதன் மின்தடையும் கூடும். அந்தக் கம்பியில் றெசிஸ்ரரைத் தொடுத்தால், சித்திரை வெயிலில் வேகும் காற்றையும் குளிர்ந்த காற்று என்றே கொம்பியூட்டர் எடுத்துக்கொள்ளும். சூடான காற்றுக்காகத் தீப்பொறியைப் பிந்தச் செய்யும் பாதுகாப்பு இதனால் இல்லாமற்போகிறது. நொக்கிங்கைக் குறைவாகத் தாங்கும் 92 ஒக்டேன் பெற்றோலை ஊற்றி ஓடும் ஒரு காருக்கு, அதுவும் எங்கள் வெக்கையில், இதைவிடத் தீங்கான ‘மேம்படுத்தல்’ வேறில்லை என்பது என் கருத்து.

எண்ணெய் தடவிய கூம்பு பில்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவுக்கு மிஞ்சித் தடவிய எண்ணெய் சென்சரில் போய் ஒட்டும். அதன்மேல் வலிகாமத்துச் செம்மண் புழுதி படிந்தால் உணரி போர்வை போர்த்ததுபோல் ஆகி, வேகமாக ஓடும்போது காற்றைக் குறைத்துக் காட்டும். இவ்வாறு வந்த கார்களில் பலவற்றுக்குப் பழைய பெட்டியையும் கடதாசி பில்டரையும் திரும்பப் பூட்டி, சென்சரைக் கழுவிக் கொடுத்ததே போதுமாக இருந்தது.

கழுவுவதற்கு அந்தச் சென்சருக்கென்றே விற்கப்படும் ஸ்பிறேயை மட்டும் பாவியுங்கள். பிறேக் கிளீனர் பிளாஸ்ரிக்கைப் பழுதாக்கலாம். பஞ்சோ துணியோ உணரியை உடைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பின்பே ஸ்ராட் செய்யுங்கள். இழுவை உண்மையாகவே குறைந்திருந்தால் பில்டர், பிளக், கொம்பிறஷன், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் ஆகியவற்றை முதலில் பரிசோதிப்பியுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் பொனற்றைத் திறந்து அந்தச் சென்சரின் கம்பிகளையும் பாருங்கள்: வெட்டி ஒட்டிய இடமோ ரேப் சுற்றிய இடமோ தெரிந்தால், ஸ்கானர் போட்டு எரிபொருள் திருத்த அளவைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.