பந்துக்கு முன்னால் பாய்கிற கோல்கீப்பர்

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைபட்ட பந்துக்கு அந்தத் தூரம் 0.4 வினாடி. கண் பார்த்ததை மூளை உணர்ந்து தசையை அசைப்பதற்கே ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். 7.32 மீட்டர் அகல கோலின் நடுவில் நிற்பவர், மிச்சமிருக்கும் 0.2 வினாடியில் மூலைவரை பாய்ந்து கையை நீட்ட முடியாது. அப்படியானால் மூலைக்கு வேகமாக வரும் பெனால்டியைத் தட்டிவிடும் கோல்கீப்பர், பந்து கிளம்பும் முன்பே கிளம்பியிருக்கிறார்.

இந்த முன்கூட்டிய அசைவைத்தான் நெதர்லாந்துக்காரர் ஃபிரான்ஸ் ஹூக் தன் தொழிலாக்கிக்கொண்டார். 1973 முதல் 1985 வரை வோலன்டம் அணியின் கோலைக் காத்தவர். அதன்பின் யோஹான் கிரைஃப் பொறுப்பேற்றிருந்த ஆம்ஸ்டர்டாம் அணியான அயாக்ஸில் கோல்கீப்பர் பயிற்சியாளரானார். பார்சிலோனா, பயர்ன் மியூனிக், நெதர்லாந்து தேசிய அணி, மான்செஸ்டர் யுனைட்டெட் எனத் தலைமைப் பயிற்சியாளர் லூயி வான் ஹால் போன பல இடங்களுக்கு ஹூக்கும் போனார். கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர் வைப்பதே அரிதாக இருந்த காலத்தில் தொடங்கிய பயணம் இது.

ஹூக் கோல்கீப்பர்களை இரண்டு வகையாகப் பிரித்தார். கோட்டருகே நின்று, ஷாட் வந்த பிறகு அனிச்சை வேகத்தால் தடுப்பவர் ஒரு வகை. ஆட்டத்தின் போக்கைப் படித்து, ஆபத்து உருவாகும் முன்பே முன்னேறி வந்து அடைப்பவர் மற்றொரு வகை. தற்காப்பு வீரர்களைத் தாண்டி, கோலுக்கு 30 மீட்டர் முன்னால் ஒரு பந்து விழுகிறது என்று வையுங்கள். கோட்டில் நிற்பவர் 30 மீட்டர் ஓட வேண்டும். 15 மீட்டர் முன்னால் நிற்பவருக்குப் பாதி ஓட்டம்தான். சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தபோது, இரண்டாம் வகையினரின் மதிப்பு இன்னும் ஏறியது. அயாக்ஸில் ஹூக்கிடம் வளர்ந்த கோல்கீப்பர் எட்வின் வான் டெர் சார் அதற்கு நல்ல சாட்சி.

பெனால்டியில் முன்னேறி வர வழியில்லை. அங்கே படிக்கக் கிடைப்பது உதைப்பவரின் உடல் மட்டுமே. ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தின் ஹேர்ட் சாவல்ஸ்பெர்க் குழு, 2002-இல் வெளியிட்ட ஆய்வில் கோல்கீப்பர்களுக்குப் பெனால்டிக் காட்சிகளைத் திரையிட்டு, அவர்களின் கண் எங்கே நிற்கிறது என்று பதிவுசெய்தது. அனுபவம் குறைந்தவர்களின் பார்வை உதைப்பவரின் உடற்பகுதியிலும் கைகளிலும் இடுப்பிலும் அலைந்தது. தேர்ந்தவர்கள் குறைவான இடங்களை, நின்று நிதானமாகப் பார்த்தார்கள். உதை நெருங்கும்போது உதைக்கும் கால், ஊன்றும் கால், பந்து ஆகியவற்றின் மேல் கண் வைத்தார்கள். ஊன்றிய பாதம் பெரும்பாலும் பந்து போகும் பக்கத்தையே நோக்கும். அதை ஊன்றிய பிறகு திசையை மாற்றுவது உதைப்பவருக்குக் கடினம். அதற்கு முன்பே கோல்கீப்பர் சாய்ந்துவிட்டால், எதிர்ப்பக்கம் தட்டிவிட உதைப்பவருக்கு நேரம் கிடைத்துவிடும். எனவே சரியான நொடித்துளி மிகக் குறுகியது.

2014 ஜூலை 5, பிரேசிலின் சால்வடோர் நகரம், உலகக் கோப்பைக் காலிறுதி. வான் ஹாலின் நெதர்லாந்து அணி கோஸ்டா ரிகாவுக்கு எதிராக ஆடியது, 120 நிமிடமும் கோல் இல்லை. அடுத்தது பெனால்டி உதைகள்தான். கடைசித் தருணத்தில் நெதர்லாந்து கோல்கீப்பர் யாஸ்பர் சிலெசன் வெளியே வர, மாற்று கோல்கீப்பர் டிம் க்ரூல் உள்ளே போனார். திட்டம் வான் ஹாலுக்கும் ஹூக்குக்கும் க்ரூலுக்கும் தெரியும், சிலெசனுக்குத் தெரியாது. ஐந்து உதைகளிலும் க்ரூல் சரியான பக்கமே பாய்ந்தார். ரூயிஸ், உமான்யா உதைத்த இரண்டைத் தடுத்தார். நெதர்லாந்து 4-3 என வென்றது. உதைப்பவர்களை நெருங்கிப் போய் க்ரூல் பேசிய பேச்சைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னை வியக்கவைப்பது அந்த ஐந்துக்கு ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு இடமா வலமா என்று ஊகித்தால் அப்படி அமைய 32-இல் ஒரு வாய்ப்புதான். சிலெசனைவிட உயரமான க்ரூலின் கை எட்டும் தூரமும் கூடுதல். சரியான பக்கம் பாய்ந்தும் எட்டாமல் போவது பெனால்டியில் சகஜம் என்பதால், அந்தச் சில சென்டிமீட்டரும் கணக்கில் சேரும்.

நான்கு நாள் கழித்து சாவ் பாவ்லோவில் அர்ஜென்டினாவுடன் அரையிறுதி, மறுபடியும் பெனால்டி. இம்முறை அன்று அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்று வீரர்களும் ஏற்கெனவே களமிறங்கிவிட்டதால் க்ரூல் பெஞ்சிலேயே இருக்க நேர்ந்தது. சிலெசன் ஒன்றையும் தடுக்கவில்லை. நெதர்லாந்து 4-2 எனத் தோற்றது.